எழுதத் தெரிந்த வீட்டுமனை முகவர்

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளரின் கையில் பெரும்பாலும் வழவழப்பான தாளில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்று இருக்கும். நீச்சல் குளம், பூங்கா, பன்னிரண்டாம் மாடியிலிருந்து தெரியும் அந்தி வானம் ஆகியவற்றின் படங்களுக்கு அதில் குறைவிராது. 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்' என்ற வரியும் தவறாது இடம்பெறும். (எந்த வாகனத்தில், எந்த வேளையில் என்று சொல்லும் துண்டறிக்கையை நாம் இன்னும் கண்டதில்லை.) ஆனால் கடன் அலுவலர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை கிடைப்பதரிது. வீட்டின் கார்பெட் ஏரியா எவ்வளவு? ஓ.சி. எனப்படும் குடிபுகு சான்று கிடைத்துவிட்டதா? வாங்குபவர் தம் கையிலிருந்து போடவேண்டிய தொகை எவ்வளவு?

இக்கேள்விகளுக்கு வாடிக்கையாளர் வங்கிக்கு வருமுன்பே விடை எழுதித் தருகின்ற முகவர்களும் ஆங்காங்கே இருக்கின்றனர். தம் வலைத்தளத்திலோ, வாட்ஸ்அப் வழியாகவோ, ஒற்றைத் தாளில் அச்சிட்டோ, வாரம் ஒரு சிறு கட்டுரை எழுதுகின்றனர். 'வாங்குங்கள்' என்ற சொல் அதில் இராது; வாங்கும்போது என்ன நடக்கிறது என்பதே இருக்கும். நம் வாடிக்கையாளர்களில் வீட்டுமனை முகவர்களும் சிறு கட்டுமானத் தொழில் புரிவோரும் பலராதலால், செலவு குறைந்த இந்த விளம்பர முறையைப் பற்றி அவர்களுக்குச் சில சொல்ல விழைகிறோம். வீடு வாங்க எண்ணுவோரும் இதைப் படிக்கலாம். எத்தகைய முகவரை நாடுவது என்று தெரிந்துகொள்ள உதவும்.

எதைப் பற்றி எழுதுவது என்ற கவலை வேண்டியதில்லை. இந்திய நகரம் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. பெங்களூரில் 'ஏ காத்தா', 'பி காத்தா' என்பவற்றின் வேறுபாடு தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, பின்னர் கடன் கிடைக்காமல் அலைபவர்கள் உளர். தில்லியில் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் வீடு கைமாறும் பழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே மாற்றும் என்று 2011 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திய பின்னரும் அவ்வையம் தீர்ந்தபாடில்லை. மும்பையில் 11 மாத வாடகை ஒப்பந்தமாயினும் அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. இதை அறியாத உரிமையாளர்கள் அந்நகரில் ஏராளம். இவற்றுள் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் தெளிவாக எழுதும் முகவரை, வீடு தேடுபவர் மறப்பதில்லை. உடனே வாங்காவிட்டாலும் ஓராண்டு கழித்து வாங்கும்போது அவர் நினைவுக்கு வருவார்.

எண்களை விளக்கும் கட்டுரைக்கு வரவேற்பு இன்னும் மிகுதி. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1,000 சதுர அடி வீடு, சதுர அடி 7,000 ரூபாய், மொத்தம் 70 லட்சம் என்று விளம்பரம் கூறுகிறது. அந்த 1,000 என்பது சூப்பர் பில்டப் ஏரியா. படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி முதலிய பொது இடங்களின் பங்கும் அதில் அடக்கம். நான்கு சுவர்களுக்குள் குடும்பம் புழங்கும் கார்பெட் ஏரியா 700 சதுர அடி என்றால், உண்மையில் ஒரு சதுர அடிக்கு வாங்குபவர் தரும் விலை 10,000 ரூபாய். பக்கத்துத் தெருவில் கார்பெட் ஏரியாவுக்குச் சதுர அடி 9,500 ரூபாய் என்று சொல்லும் வீடு முதற்பார்வையில் விலை கூடியதாகத் தோன்றும். கணக்கிட்டால் அதுவே மலிவு.

அதே வீட்டுக்குக் கடன் கணக்கையும் எழுதலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகவே 70 லட்சத்துக்கு உச்சவரம்பு 56 லட்சம். வருமானமும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் இடங்கொடுத்தால்தான் அத்தொகையும் கிடைக்கும். எஞ்சிய 14 லட்சம் வாங்குபவருடையது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டும் சேர்ந்து 7 விழுக்காடு என்று கொண்டால் மேலும் 4.90 லட்சம். இத்தகைய வீட்டுக்கு இச்செலவை வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கணக்கிட விதி இடந்தரவில்லை. எனவே கையில் இருக்கவேண்டியது 14 லட்சம் அன்று, 18.90 லட்சம். ஏறத்தாழ ஐந்து லட்ச ரூபாயின் இந்த வேறுபாடு கடைசி வாரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது. அப்போது நகையை அடகு வைப்பவர் உண்டு. கொடுத்த முன்பணத்தை இழந்து விலகுபவரும் உண்டு. முகவர் முன்கூட்டியே எழுதித் தந்த ஒரு பக்கம் இதைத் தவிர்த்திருக்கும். அவருடைய வியாபாரமும் முறிந்திராது.

50 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்தை வாங்குபவர் விலையில் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தவேண்டும் என்பதும், விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராயின் அந்த 1 விழுக்காட்டு விதி பொருந்தாது, பிடித்தம் கூடும் என்பதும் தனிக் கட்டுரைக்குரியவை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். எழுதப்பட்ட சொல்லுக்கு, வாய்ச்சொல்லுக்கு இல்லாத கனம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் ரேரா சட்டம் 'விளம்பரம்' என்பதற்குத் தரும் பொருள் மிக விரிவானது. எந்த ஊடகத்தின் வழியாகவும் ஒரு திட்டத்தைப் பற்றி அறிவிக்கும் அறிவிப்பு, சுற்றறிக்கை, வேறெந்த வடிவ விளம்பரமும் அதில் அடங்கும். நட்பாக எழுதிய கட்டுரைதானே என்று முகவர் எண்ணினாலும், குறிப்பிட்ட திட்டம் ஒன்றைச் சுட்டிய அளவில் அதுவும் விளம்பரமாகிவிடலாம். பதிவு பெறாத திட்டத்தின் விற்பனைக்கு முகவர் துணைபோதல் ஆகாது. தம் சேவை பற்றிப் பொய்யுரைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அச்சொத்தின் விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தரவேண்டும்; அவர் விலக விரும்பினால் கட்டிய தொகையை வட்டியுடன் திருப்பித் தரவேண்டும்.

மகாராஷ்டிரம் இதில் ஓரடி முன்னே நிற்கிறது. அங்கு 2023 முதல் முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறவேண்டும் என்ற விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், திட்ட விளம்பரங்களில் கியூஆர் குறியீடு இடம்பெறுதலும் கட்டாயமாயிற்று. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அத்திட்டத்தின் பதிவு விவரங்கள் திரையில் விரியும். தேர்வு எழுதித் தேறியவருக்குக் கட்டுரை எழுதுவது கடினமாயிராது என்றே நம்புகிறோம்.

எழுதக் கூடாதவையும் உள. 'மூன்றாண்டில் இரு மடங்கு' என்பது முதலாவது. 'எல்லா வங்கிகளின் அங்கீகாரமும் பெற்றது' என்பது மற்றொன்று. இதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஒரு கட்டுமானத் திட்டத்தை வங்கி ஆராய்வது தான் தரப்போகும் கடனின் பாதுகாப்பு கருதியே. மூலப்பத்திரத்தில் குறையில்லை என்றோ, வீடு குறித்த நாளில் கைக்கு வரும் என்றோ வாங்குபவருக்கு அது தரும் உறுதிமொழி அன்று. இவ்வரியைக் காணும் வாடிக்கையாளர் பலர், தமக்கென ஒரு வழக்குரைஞரை வைத்துப் பத்திரங்களைப் பார்ப்பதையே விட்டுவிடுகின்றனர். வங்கியின் பெயரை முகவர் இவ்வாறு பயன்படுத்துதலை நாம் விரும்புவதில்லை. வீடு வாங்கியவரின் பெயரையும் படத்தையும் அவர் இசைவின்றி வெளியிடுதலும் முறையன்று.

நடை பற்றியும் ஒரு சொல். வழக்கறிஞர் அறிக்கைபோல் எழுதவேண்டா; வீடு பார்க்க வந்த குடும்பத்திடம் எவ்வாறு பேசுவீரோ அவ்வாறே எழுதுக. ஒரு கட்டுரைக்கு ஒரு பொருள் போதும். பலன் விரைவில் வராது. ஆறு மாதம் வரை ஒரு தொலைபேசி அழைப்பும் வராமல் இருக்கலாம். தாம் பெறும் தரகு எத்தனை விழுக்காடு, அதை யார் தருகிறார் என்பதை வெளிப்படையாக எழுதும் முகவர் மிகச் சிலரே. அதனாலேயே அவ்வாறு எழுதுபவர் தனித்துத் தெரிவார்.

ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் தேதியையும், அடியில் தம் ரேரா பதிவு எண்ணையும் குறிப்பது நலம். தீர்வை விகிதமும் வட்டி விகிதமும் மாறிக்கொண்டே இருப்பவை. சென்ற ஆண்டின் கணக்கை இவ்வாண்டு நம்பி ஒருவர் வந்துவிடக் கூடாது. பதிவு எண்ணை மாநில ரேரா ஆணையத்தின் வலைத்தளத்தில் இட்டால், அம்முகவரின் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை வாங்குபவர் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம்.