ஏட்டெண் முதல் எண்ணிடும் பொறி வரை

புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் தலைப்பைப் பார்க்கின்றோம்; ஆசிரியர் பெயரைப் பார்க்கின்றோம்; படங்கள் உளவோ என்றும் புரட்டிப் பார்க்கின்றோம். தாளின் ஓரத்தில் அடக்கமாக நிற்கும் பக்க எண்ணை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. அஃது இல்லாதபோதுதான் அதன் அருமை புலனாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையின் ஆண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மாணவர் எழுதிய கட்டுரைகள் எண் இடப்படாத தாள்களாகவே வந்து சேர்ந்தன. அவற்றை மேசைமீது பரப்பியிருந்த வேளையில், யன்னல் வழியே வீசிய காற்று அனைத்தையும் நிலத்தில் இறைத்துவிட்டது. கையெழுத்தையும் மையின் நிறத்தையும் வாக்கியத் தொடர்ச்சியையும் ஒப்புநோக்கி அவற்றை அடுக்கி முடிக்க ஓர் இரவு முழுவதும் சென்றது. தாளுக்கு ஓர் எண் இருந்திருப்பின் அது கால்மணி நேர வேலையன்றோ!

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். பனையோலைச் சுவடியில் ஏட்டின் இடப்பக்க ஓரத்திலே தமிழ் இலக்கத்தில் எண் பொறித்தனர். பன்னிரண்டாம் ஏடு எனின் ௰௨ என்று எழுதுவர். ஓர் ஏட்டின் இரு புறத்துக்கும் எண் ஒன்றே. கயிறு அறுந்து ஏடுகள் சிதறினும் அவ்வெண்ணைக் கொண்டு மீளக் கோத்துவிடலாம். இடையில் ஓர் ஏடு தொலைந்திருப்பின் அதனையும் கண்டுகொள்ளலாம். சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் செல்லரித்த சுவடிகளோடு பட்ட பாட்டை நினைக்குந்தோறும், அந்தச் சிறு எண்கள் எத்துணைப் பெருந்துணையாய் இருந்திருக்கும் என்பது விளங்குகின்றது.

ஐரோப்பாவிலே அச்சுக்கலை தோன்றிய தொடக்கக் காலத்து நூல்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பக்க எண் இல்லை. 1470ஆம் ஆண்டில் கொலோன் நகரத்து அச்சகம் ஒன்று தாள்களுக்கு எண் அச்சிட்டது. தாளின் இரு பக்கங்களுக்கும் தனித்தனி எண் இடும் வழக்கம் அதன் பின்னரே பரவியது.

அலுவலகக் கடிதங்களும் வழக்குப் பத்திரங்களும் பெருகிய காலத்தில், கையால் எண் எழுதுவது சலிப்பும் பிழையும் தரும் வேலையாயிற்று. அமெரிக்காவில் எட்வின் பேற்ஸ் என்பவர் 1890களின் தொடக்கத்தில் தானாக எண் மாற்றும் முத்திரைப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனுள்ளே 0 முதல் 9 வரை இலக்கங்கள் பொறித்த சில்லுகள் வரிசையாக உள. கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் எண் பதியும். ஒன்றாம் தானத்துச் சில்லு ஓர் இலக்கம் நகரும். 9 கடந்து அது 0க்குத் திரும்பும்போது பத்தாம் தானத்துச் சில்லையும் ஓரடி தள்ளிவிடும்.

இன்றோ கணினி அவ்வேலையை நொடியில் முடிக்கின்றது. அங்கே நாம் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டெழுதுவதில்லை. பக்கத்தின் அடியில் ஒரு குறியீட்டை ஒருமுறை வைத்தாற் போதும்; நடுவே பத்துப் பக்கங்களைச் சேர்ப்பினும் நீக்கினும் எண்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும். முன்னுரைக்கு றோமன் இலக்கமும் நூலுக்கு 1 முதல் எண்ணும் இடலாம். ஸ்கானரிற் படம் பிடித்த பத்திரங்களுக்கும் வரிசையாக எண் பதிக்கலாம். சட்டத்தரணிகள் சிலர் அதனை இன்றும் 'பேற்ஸ் எண்' என்றே அழைக்கின்றனர்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் கூறிய ஆண்டு மலரைக் கணினியில் ஏற்றும்போது இரண்டு கட்டுரைகளின் இறுதித் தாள்கள் இடம் மாறிவிட்டன. நாம் அதனைக் கவனிக்கவில்லை. பொறி 1 முதல் 96 வரை ஓர் எண்ணும் தவறாமல் இட்டது. எண்கள் ஒழுங்காய் இருக்கக் கண்டு நாமும் மனநிறைவோடு அச்சுக்குக் கொடுத்தோம். மலர் வெளியான பின் ஒரு மாணவி வந்து, தன் கட்டுரையின் முடிவு வேறொருவர் பெயரின் கீழ் இருப்பதைக் கண்கலங்கக் காட்டினாள். அவளுக்கு அதுவே அச்சில் வந்த முதற் கட்டுரை. நாம் என்ன விடை கூறுவோம்?

பொறிக்கு எண்ணத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆகவே, மாணவர்களே, முதலில் தாள்களை வாசித்து ஒழுங்கு செய்யுங்கள். அதன்பின் எண் இடுங்கள். விண்ணப்பமாயினும் காணி உறுதியாயினும், வெறுமனே 3 என்று இடாது '5இல் 3' என இடுவது மேலும் நன்று. இடைத்தாள் தொலைந்தால் வெறும் எண்ணே காட்டிக்கொடுக்கும். கடைசித்தாள் தொலைந்ததை மொத்த எண்ணே காட்டும். இவ்விரண்டையும் கைக்கொள்வோர்க்கு, எம்மைப் போல் ஒரு பிள்ளையின் முன் தலைகுனிந்து நிற்கும் நிலை வாராது.