பழைய பெட்ரோல் காருக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன்: மெட்டு ஏறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அமுக்குற சூட்டிலேயே எரிபொருள் பத்திக்கும். அதனால இந்தக் கட்டுரை ஜீப்காரங்களுக்கு இல்லை. உங்க வீட்டு வாசல்ல தாத்தா காலத்துப் பெட்ரோல் அம்பாசடரோ பத்மினியோ நிக்குதா? முந்தல் தாண்டி மேடு ஆரம்பிச்சதும் திணறுதா? அப்ப இது உங்களுக்குத்தான்.

பாயிண்ட் என்ன வேலை செய்யுது?

பேட்டரியில இருக்கிறது 12 வோல்ட். பிளக்ல பொறி பறக்க 10,000 வோல்ட்டுக்கு மேல வேணும். இக்னிஷன் காயிலில் கரண்ட்டை ஓடவிட்டு, காந்தப்புலம் நிறைஞ்சதும் டக்குனு அறுத்தா அந்த உயர் வோல்டேஜ் கிடைக்கும். அறுக்கிற சுவிட்ச்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயிண்ட். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்காக உருவாக்கிய முறை இது. அறுபது வருஷத்துக்கு மேல உலகத்துல பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இப்படித்தான் ஓடுச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினா, நொடிக்கு 100 பொறி. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையில 10 மில்லி செகண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் கேம் 90 டிகிரி திரும்பறதுல பாயிண்ட் மூடியிருக்கிறது சுமார் 60 டிகிரி. ஆக, காயில் நிறையக் கிடைக்கிற நேரம் ஏழு மில்லி செகண்டுக்கும் குறைவு. எல்-ஆர் சர்க்யூட் படிச்சவங்களுக்குப் புரியும்: கரண்ட் உடனே உச்சத்துக்குப் போகாது, நேரம் எடுக்கும்.

மேட்டுல ஏன் திணறுது?

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுறோம். ஆக்சிலரேட்டர் முழுசா மிதிச்சிருக்கும், ஆனா இன்ஜின் மெதுவாத்தான் சுத்தும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும்போது பொறி பறக்க வோல்டேஜும் அதிகமா வேணும். அதே நேரம் கேம் மெதுவா சுத்துறதால பாயிண்ட்டும் மெதுவாத்தான் திறக்கும். கரண்ட் பட்டுனு அறுபடாம, பாயிண்ட் முனையிலேயே தீப்பொறியா கொஞ்சம் வீணாகும். கண்டென்சர் இருக்கிறது அதைக் குறைக்கத்தான். ஆனா அது பழசாயிட்டா முனை கருகிப் பள்ளம் விழும். கேமைத் தொடுற ஃபைபர் கட்டையும் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் மாறும்.

எலக்ட்ரானிக் முறையில் அறுக்கிற வேலையை டிரான்சிஸ்டர் செய்யுது. இன்ஜின் எவ்வளவு மெதுவா சுத்தினாலும் கரண்ட் ஒரே வேகத்துல அறுபடும். அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973-லேயே தன் கார்கள் எல்லாத்துக்கும் இதைப் பொருத்திடுச்சு.

ரெண்டு வழி இருக்கு

முதல் வழி: பாயிண்ட்டைக் கழட்டிட்டு, கேம் மேல காந்த வளையமும் பக்கத்துல ஹால் சென்சாரும் வைக்கிறது. தேயறதுக்கு எதுவும் இல்லை.

ரெண்டாவது: பாயிண்ட் அங்கேயே இருக்கும், ஆனா டிரான்சிஸ்டருக்கு சிக்னல் மட்டும் கொடுக்கும். நாலு ஆம்பியர் சுமந்த முனை இப்ப அரை ஆம்பியருக்கும் குறைவாத்தான் சுமக்கும். முனை கருகாது, ஃபைபர் கட்டை மட்டும் தேயும். புராஜெக்ட் பண்ண ஆசைப்படுற இ.சி.இ. பசங்களுக்கு இது நல்ல வழி.

பொருத்துறது எப்படி?

1. பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு முதல்ல பாருங்க. ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பிளஸ் முனை பாடியில இருக்கும். பெரும்பாலான கிட்டுகள் மைனஸ் எர்த்துக்குத்தான். மாத்திக் கொடுத்தா மாட்யூல் அங்கேயே போயிடும்.

2. பேட்டரி வயரைக் கழட்டுங்க. பிளக் வயர்களுக்கு நம்பர் ஒட்டுங்க. மூடியைத் திறந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பாக்குதுன்னு போட்டோ எடுத்துக்கோங்க.

3. பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழட்டி, சென்சார் தட்டை மாட்டுங்க. காந்த வளையம் முழுசா கீழ உக்காரணும். அதுக்கு மேல ரோட்டார்.

4. வேக்குவம் அட்வான்ஸ் இழுக்கும்போது உள்ள இருக்கிற தட்டு அசையும். வயர் அதுல இழுபடாம, கேம்ல உரசாம விடணும்.

5. பொதுவா சிவப்பு வயர் காயில் பிளஸுக்கு, கருப்பு மைனஸுக்கு. கிட்டோட வர்ற தாளைப் பாத்து உறுதி பண்ணுங்க. காயில் பிரைமரி ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டர்ல அளந்து, மாட்யூல் கேட்கிற அளவோட ஒப்பிடுங்க. சாதாரண 12 வோல்ட் காயில்ல மூணு ஓம் பக்கம் வரும்.

6. டைமிங் லைட் வெச்சு டைமிங்கைத் திரும்ப செட் பண்ணியே ஆகணும். சுவிட்ச் ஆகுற இடம் மாறியிருக்கும். காதால கேட்டு செட் பண்ணா மேட்டுல இன்ஜின் தட்டும்.

இன்னொண்ணு: இன்ஜின் ஓடாதப்ப சாவியை ஆன்ல விட்டு பாட்டு கேக்காதீங்க. காயிலும் மாட்யூலும் சூடாகும்.

இது எதைச் சரி பண்ணாது?

மூடுபனியில டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஈரம் கோத்தா, எலக்ட்ரானிக்கா இருந்தாலும் பொறி வழிமாறித்தான் ஓடும். வெடிச்ச மூடியையும் பழைய பிளக் வயரையும் மாத்தணும். மேல காற்று அடர்த்தி குறையறதால கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமா விடும், பிளக் கருப்பாகும். அதுக்கும் இக்னிஷனுக்கும் சம்பந்தமில்லை.

கடைசியா, முக்கியமான விஷயம். பாயிண்ட் கெட்டுப் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் கெடும்: மிஸ்ஸிங் வரும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஃபீலர் கேஜ் வெச்சு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டா வீடு வந்து சேரலாம். மாட்யூல் பெரும்பாலும் சொல்லாம போகும். வளைவுல நின்னா அதை ரிப்பேர் பண்ண யாராலும் முடியாது. கழட்டுன பாயிண்ட், கண்டென்சர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ் நாலையும் ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டுல வெச்சிடுங்க. வீட்டு வாசல்லயே ஒருதடவை மாத்திப் பழகிட்டு, அப்புறம் மெட்டு ஏறுங்க.