பதின்மூன்று இலக்கப் பேரெண்

எண்களுள் சில எளிதில் பிரியும். சில பிரிய மறுக்கும். தண்டலத்துத் தொழிற்சாலை ஒன்றில் 60 போல்ட்டுகளைப் பெட்டிகளில் சமமாக இட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரண்டு விதமாக இடலாம். ஒரு போல்ட்டு கூடி 61 ஆகிவிட்டாலோ இரண்டே வழிகள்: பெட்டிக்கு ஒன்று, அல்லது எல்லாம் ஒரே பெட்டியில். 61 பகா எண் அன்றோ!

60க்கு 12 வகு எண்கள் உண்டு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இவ்வாறு, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகு எண்கள் பெற்றதை 'மிகு பகு எண்' எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை செல்லும்.

இவ்வெண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் சீனிவாச இராமானுஜன். 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை உள்ளது. அதன் இறுதி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இப்பேரெண்ணுக்கு வகு எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. பகா எண்களாக உடைத்தால் விடை எளிது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு வகு எண்ணை உண்டாக்க, 2ஐ எடுக்காமலே விடலாம். அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழிகள். இவ்வாறே 3க்கு 5 வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 32 = 10080.

அடுக்குகளை நோக்குங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் அன்று. 2 × 3² = 18; இதற்கு 6 வகு எண்கள். அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12; இதற்கும் ஆறே. சிறிய எண்ணுக்கே வாய்த்தது பெரிய எண்ணுக்குச் சிறப்பாகாது. இதே காரணத்தால் நடுவில் ஒரு பகா எண்ணையும் விட்டுத் தாண்ட முடியாது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்றும் இராமானுஜன் நிறுவினார்.

ஆயினும் இவ்வடிவம் மட்டும் போதாது. 30 = 2 × 3 × 5 இவ்வடிவில் அமைந்ததே; அதற்கு 8 வகு எண்கள். ஆனால் 24க்கும் எட்டு உண்டு; எனவே 30 தோற்றது. சிறிய எண்கள் அனைத்தையும் வென்றதா என்று பார்த்தே ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் அது எத்துணைப் பெரிய உழைப்பு!

அவ்வுழைப்பிலும் ஓர் எண் விடுபட்டது. அது 293318625600. அதன் வகு எண்கள் 5040. வியப்பு என்னவெனில், அதனை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வந்து நிற்கும்! புதிய பகா எண் ஒன்று சேர்ந்ததால் 5040 இரட்டித்து 10080 ஆகிறது. அட்டவணையில் இடம் பெறாத எண்ணும் அவர் கண்ட விதிக்கு அடங்கியே இருக்கிறது. பட்டியலில் ஒன்று தவறலாம். நிறுவப்பட்ட விதி தவறுவதில்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தவர் இராமானுஜன். பின்னர்ச் சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். அவருக்கே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் வழங்கியது.

நண்பர்களே, 1729ஐ நாம் அனைவரும் அறிவோம். இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணையும் ஒருமுறை தாளில் எழுதி உடைத்துப் பாருங்கள். பேரெண்ணைக் கண்டு மலைப்பது பழக்கமின்மையால்தான். அதன் உறுப்புகள் நாம் பள்ளியிலேயே அறிந்த சின்னஞ்சிறு பகா எண்களே.