காரின் பின்கண்ணாடியும் மும்பையின் ஈரக்காற்றும்

மோட்டார் காரின் பின்புறக் கண்ணாடியை மாற்றுவது ஒரு காலத்தில் ரப்பர் வேலையாக இருந்தது. இன்று அது இரசாயன வேலையாகிவிட்டது. மும்பையின் குர்லாவில் இயங்கிய பிரீமியர் ஆலையிலிருந்து வெளிவந்து, பல்லாண்டுகள் அந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினி வண்டியை இதற்கு உதாரணமாகக் கூறலாம். அதன் கண்ணாடியைத் தடித்த ரப்பர் வார் ஒன்று தாங்கி நின்றது. வாரின் ஒரு பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பும், மற்றொன்றில் உடற்கூட்டுத் தகட்டின் விளிம்பும் பொருந்தும். புதுக் கண்ணாடி பொருத்துவோர் தகட்டுப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். வாரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். சோப்பு நீரும் கயிறும் கைப்பழக்கமும் போதும். வேலை முடிந்தவுடனே வண்டி சவாரிக்குப் புறப்படலாம்.

2023 அக்டோபர் இறுதியில் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. அவ்வகை வண்டிகளின் இடத்தைப் பிடித்த கார்களில் கண்ணாடி ரப்பரில் செருகப்படவில்லை. தகட்டோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தாராவியிலோ செம்பூரிலோ சாலையோரப் பட்டறைக்கு உடைந்த பின்கண்ணாடியுடன் ஒரு டாக்ஸி வந்து நிற்கும்போது, ஓட்டுநர் கேட்கும் முதற்கேள்வி பழைய கேள்விதான்: வண்டி எப்போது கிடைக்கும்? ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. ஆனால் இக்கேள்விக்கு விடை கூறும் அதிகாரம் இப்போது மெக்கானிக்கிடம் முழுவதும் இல்லை. அதில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஈரத்தினிடம் போய்விட்டது.

கண்ணாடியை ஒட்டும் வழக்கம் 1960களில் அமெரிக்கக் கார்களில் தொடங்கியது. தொடக்கத்தில் பாலிசல்பைடு என்னும் ரப்பர் போன்ற பொருள் பயன்பட்டது; பின்னர் அவ்விடத்தைப் பாலியூரிதேன் பிடித்தது. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவர் குழுவினரும் கண்டறிந்த பொருள் அது. மெத்தை நுரையிலிருந்து செருப்பின் அடிப்பாகம் வரை இன்று அதன் குடும்பம் பரவியிருக்கிறது. ஒட்டுவதனால் வண்டிக்கு நன்மை உண்டு. மெல்லிய தகடுகளை இணைத்துப் பெட்டிபோல் அமைக்கப்படும் இக்காலக் காரில், ஒட்டிய கண்ணாடி ஒரு சுவரைப் போல நின்று கூட்டின் விறைப்பை மிகுவிக்கிறது. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவுள்ள கார்களில் இது நன்கு புலப்படும். ஒவ்வொரு முறையும் அறைந்து சாத்தப்படும் அக்கதவின் அதிர்ச்சியைத் தகடும் கண்ணாடியும் சேர்ந்தே ஏற்கின்றன. ஒட்டு சரியில்லாவிடில் நீர் கசிவது மட்டுமன்று. மேம்பாலத்தில் வேகமாகச் செல்லும் காரிலிருந்து கண்ணாடி பெயர்ந்து, பின்னால் வரும் ஸ்கூட்டரின்மேல் விழவும் கூடும்.

முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒரே வகை அல்ல. முன்னது இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி. விரிசல் விட்டாலும் இடத்தை விட்டு அகலாது. பின்னது பெரும்பாலும் கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி. அதை 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்ந்த காற்றைப் பீய்ச்சித் திடீரென ஆற வைக்கின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு ஆறிச் சுருங்க முயல்கையில் மேற்பரப்பைத் தன்னோடு இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு எப்பொழுதும் அமுக்கத்திலும், உட்பகுதி இழுவிசையிலும் இருக்கின்றன. நடுவில் விழும் அடியைத் தாங்கும் அக்கண்ணாடி, விளிம்பில் ஒரு சிறு உளிக்குத்து பட்டால் ஒரு கணத்தில் கற்கண்டுத் துண்டுகளைப் போலப் பொடிந்து உதிர்கிறது. பொடிந்த துண்டுகள் கத்திபோல் நீண்டிராமையால் பெருங்காயம் உண்டாவதில்லை. அந்த உள்விசையைக் கண்ணாலும் காணலாம். மாலையில் போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து நிறுத்தியுள்ள காரின் பின்கண்ணாடியை நோக்கினால், காற்றுக் குழாய்கள் பட்ட இடங்கள் வரிசையான புள்ளிகளாகத் தெரியும். மாணவர்களுக்குக் காட்டத்தக்க காட்சி இது, செலவும் இல்லை.

கண்ணாடி உடைந்தபின் பலர் திறப்பைப் பாலிதீன் தாளால் மூடிக்கொண்டு சில நாட்கள் ஓட்டிவிடுகின்றனர். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும். புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயு அச்சுழலில் சிக்கி, இடைவெளி கண்ட வழியே உள்ளே புகும். அவ்வாயுவில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உண்டு. பின் இருக்கையில் குழந்தைகள் அமர்ந்திருப்பின் இதைச் சிறு விஷயமெனக் கொள்வதற்கில்லை.

இனிப் பசையைப் பார்ப்போம். குழலிலிருந்து கறுப்பாகக் கெட்டித் தார்போல் வெளிவரும் அப்பொருளின் நீண்ட மூலக்கூறுகள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஐசோசயனேட் என்னும் அணுக்கூட்டம் இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி அந்நுனியைத் தொட்டதும் கரியமில வாயு ஒரு சிறிதளவு வெளியேறி, நுனி அமீனாக மாறுகிறது. அந்த அமீன் அடுத்த மூலக்கூறின் ஐசோசயனேட் நுனியைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு கண்ணி கண்ணியாகச் சேர்ந்து, குழைவாக இருந்தது ரப்பராகிறது. கவனிக்கத்தக்கது யாதெனில், இப்பசை உலர்ந்து இறுகுவதில்லை, நனைந்து இறுகுகிறது. வெயிலில் வைத்தால் விரைவில் காயும் என்ற வண்ணப்பூச்சுப் பாடம் இங்கே முழுவதும் பொருந்தாது.

ஈரம் வெளியிலிருந்து உள்ளே ஊடுருவ வேண்டும். அதுவும் ஏற்கெனவே இறுகிவிட்ட தோலைக் கடந்து செல்ல வேண்டும். 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் முதல் நாளில் சுமார் 3 அல்லது 4 மில்லிமீட்டர் ஆழம் இறுகுவது வழக்கம். ஆனால் இரண்டு நாளில் அது இரு மடங்காகிவிடாது. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிச் செல்வதால், இரு மடங்கு ஆழத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் தேவை. வெளியே தோல் கெட்டியாகிவிட்டதை விரலால் தொட்டுப் பார்த்து "பிடித்துவிட்டது" என்று வண்டியை அனுப்புவதில் உள்ள பிழை இதுவே. எவ்வளவு நேரத்துக்குப்பின் வண்டியை ஓட்டலாம் என்பதைப் பசை செய்வோர் குழலிலேயே அச்சிட்டிருப்பர். சிலவற்றுக்கு ஒரு மணி, சிலவற்றுக்குப் பல மணி. மலிவான குழலையும் விரைவுக் குழலின் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள இயலாது.

மும்பையின் காற்று இக்கணக்கில் எங்கே நிற்கிறது? மேற்கூறிய 23 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10 கிராம் நீராவி உண்டு. ஜூலை மாதத்தில் 29 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள மும்பைக் காற்றில் அது 24 கிராமுக்கு மேல். ஆகவே மழைக்காலம் பசைக்குப் பகையன்று. இறுகுதலை விரைவுபடுத்தும் துணை. ஆயினும் அத்துணை இரண்டு இடங்களில் காலை வாருகிறது.

ஒன்று, பசை வரியின்மேல் தோல் படரும் நேரம் சுருங்குகிறது. கால் மணிக்குள் கண்ணாடியை வைக்கலாம் என்று குழலில் எழுதியிருந்தால், ஆடி மழையில் அதை அப்படியே நம்பக்கூடாது. தோல் படர்ந்தபின் வைத்த கண்ணாடி ஒட்டியதுபோல் தோன்றும், பற்றியிராது. மற்றது பனித்துளி. மேற்கூறிய ஜூலைக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் இருந்த புதுக் கண்ணாடியை வெளியே கொண்டுவந்தால் நொடியில் அதன்மேல் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஈரப்படலம் படியும். பசைக்கு வேண்டியது நீராவி; ஒட்டும் பரப்பின்மேல் நீர்ப்படலம் இருப்பின் அது பரப்பைத் தொடாமலே இறுகும், கரியமில வாயுவின் குமிழ்களும் அங்கே சேரும். எனவே கண்ணாடியை அரைமணி நேரமாவது பட்டறைக் காற்றில் வைத்து, அதன் குளிர்ச்சி நீங்கியபின் துடைத்துப் பயன்படுத்துதல் வேண்டும்.

இதைவிட மெதுவாகவும் ஆழமாகவும் கெடுதி செய்வது தகட்டின் துரு. பசை இரும்பைப் பற்றியிருப்பதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது இரும்பின்மேல் உள்ள வண்ணத்தைப் பற்றியிருக்கிறது. வண்ணம் இரும்பைப் பற்றியிருக்கிறது. பசை எத்துணை வலிமையுடையதாயினும், வண்ணத்தின் பிடியே ஒட்டின் வலிமை. பழைய பசையை அறுத்தெடுக்கும்போது கத்தி வண்ணத்தைக் கீறி இரும்பைத் தொட்டுவிட்டால், அக்கீறல் அற்பமாகத் தோன்றும். செம்பூர், திராம்பே போன்ற கடற்கழியை அடுத்த பகுதிகளில் காற்றில் உப்பு இருக்கிறது. ஆலைகளின் புகையும் சேர்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துரு விரைகிறது. கீறலில் தொடங்கிய துரு வண்ணத்தின் அடியிலேயே ஊர்ந்து சென்று, இரண்டு மூன்று மழைக்காலங்களில் பசையையும் வண்ணத்தையும் சேர்த்தே தகட்டிலிருந்து தூக்கிவிடும். அப்போது டிக்கியில் நீர் தேங்குகிறது. பிறகு டிங்கர் வேலை, பட்டி, வண்ணம் எனச் செலவு வளர்கிறது. 2005 ஜூலை 26இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரம் இது. சாதாரண ஆண்டிலும் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பலமுறை நீரில் நிற்கும்.

கீறல் விழுந்த இடத்தைச் சுத்தம் செய்து, பசைக்குரிய பிரைமர் பூசி ஆறவிடுவது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விடுவதும், குளியலறைக்கு விற்கும் சிலிக்கோனைக் கார்க் கண்ணாடிக்குப் பயன்படுத்துவதும் பரவலான இரு தவறுகள். காடி மணம் வீசும் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது இரும்பை அரிக்கும். அதன் எச்சம் படிந்த இடத்தில் பின்னர் நல்ல பாலியூரிதேனும் ஒட்டாது. கசிவை நிறுத்தவென்று வைத்த பொருளே கசிவுக்குக் காரணமாகிறது.

பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அதைச் சமமாகச் சீவி விடுவதே முறை. புதிதாக அறுத்த பழம்பசையின் முகம் புதுப்பசைக்கு மிகச் சிறந்த ஆதாரம். அதில் கண்ணாடிப் பொடி ஒன்றுகூடச் சிக்கியிருக்கக்கூடாது. ஸ்பிரிட்டால் துடைத்தால் அது முற்றும் ஆவியாகும் வரை பொறுத்தல் வேண்டும். ஆல்கஹாலும் ஐசோசயனேட் நுனியைப் பற்றக் கூடியதாதலால், தங்கிய ஸ்பிரிட் சங்கிலி வளராமல் நுனிகளை மூடிவிடும். பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், அது கூடாது. கண்ணாடியின் ஓரத்தில் சூளையில் சுட்டுப் பதித்த கறுப்புக் கரை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் பசையைச் சிதைக்காமல் காக்கும் குடை அது. உட்புறமுள்ள பனிநீக்கிக் கம்பிக் கோடுகளைப் பிளேடால் சுரண்டலாகாது. புதுக் கண்ணாடி ஐ.எஸ். 2553, 2ஆம் பகுதித் தரக்குறி பெற்றதா எனவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழலின் மூக்கை ஆங்கில வி எழுத்தைப்போல வெட்டி, பசையை முக்கோண வரியாக இடையறாது இட்டு, இருவர் உறிஞ்சுக் கிண்ணங்களால் கண்ணாடியைத் தூக்கி ஒரே முறையில் வைத்துவிட வேண்டும். வைத்தபின் நகர்த்தினால் வரி முறியும். கையுறையும் காற்றோட்டமும் அவசியம். 1984 டிசம்பரில் போபாலில் பேரழிவை விளைவித்த மெதைல் ஐசோசயனேட் இதே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கும் தொட்டியில் புகுந்த நீரே வினையைத் தூண்டியது. அது எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறு. பசையில் அந்நுனிகள் பெரிய, கனத்த மூலக்கூறுகளில் பிணைந்திருப்பதால் அத்தகைய அபாயம் இல்லை. எனினும் நாள்தோறும் இதைக் கையாளுவோருக்குத் தோல் அழற்சியும் ஆஸ்துமாவும் வருவதுண்டு.

கண்ணாடி வைத்த அன்று கதவைச் சாத்தும்போது பக்கக் கண்ணாடி ஒன்று சிறிது இறங்கியிருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். மழை நனைப்பதால் கேடில்லை. பீய்ச்சும் குழாயால் கழுவுதல் கூடாது. கசிவை அறிய, பசை இறுகியபின் கதவுகளை மூடி, விசிறியை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டு, கண்ணாடியின் ஓரத்தில் சோப்பு நீர் தடவினால் போதும். குமிழி வரும் இடமே ஓட்டை.

பள்ளியில் செய்து பார்க்க ஒரு குழல் பாலியூரிதேன் பசை போதுமானது. ஆழமான மூன்று புட்டி மூடிகளில் பசையை நிரப்பி, ஒன்றை ஈரத்துணியுடன் மூடிய டப்பாவிலும், இன்னொன்றை மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவிலும், மூன்றாவதை மேசையின்மேல் திறந்தும் வைக்க வேண்டும். மறுநாள் ஆசிரியர் கையுறை அணிந்து மூன்றையும் குறுக்கே அறுத்து, இறுகிய தோலின் கனத்தை அளவுகோலால் அளந்து கரும்பலகையில் எழுதலாம். நான்காம் நாள் அளப்பதற்கு இன்னும் மூன்று மூடிகளை முதல் நாளே நிரப்பி வைத்தல் நலம். அறுத்த மூடியில் ஈரம் புதுவழியாகப் புகுந்துவிடும்.