சுருட்டுக்கு வீட்டிலேயே மணம் ஏற்றலாமா? அந்தமானின் ஈரக்காற்று சொல்லும் பதில்

ஸ்ரீ விஜயபுரம்: ரம், காப்பிக்கொட்டை, வனிலா போன்றவற்றுடன் சுருட்டுகளை மூடிய பெட்டியில் வைத்து, அவற்றின் மணத்தை ஏற்றும் வழக்கம் புகைப்பிரியர்கள் பலரிடம் காணப்படுகிறது. எளிதாகத் தோன்றும் இம்முறை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தட்பவெப்ப நிலையில் பூஞ்சையிலும் வண்டிலும் சென்று முடியும் வாய்ப்பே அதிகம்.

சுருட்டுக்கு மணமூட்டுவது தமிழகத்திற்குப் புதிதன்று. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல்லே ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றதாகும். 19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பெயர்பெற்ற திருச்சி சுருட்டு, திண்டுக்கல் பகுதியில் விளைந்த புகையிலையைக் கொண்டு உறையூரில் கையால் சுற்றப்பட்டது. வெல்லப்பாகு, பழச்சாறு, வாசனைச் சாறுகள் ஆகியவற்றைக் கலந்து நொதிக்க வைத்த கரைசலில் இலையை ஊறவைத்துப் பயன்படுத்துவதே அதன் தனிச்சுவைக்குக் காரணம். ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சி சுருட்டு என்பதை அதன் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டுபிடிப்பார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் உறையூர் முறைக்கும் வீட்டு முறைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. உறையூரில் மணம் சேர்வது இலையில். சுற்றுவது அதன் பிறகே. வீட்டிலோ, சுற்றி முடித்த சுருட்டில்தான் மணம் ஏற்றப்படுகிறது. முடிந்த சுருட்டைத் திரவத்தில் நனைத்தால் உள்ளிலை உப்பி, மேலுறை வெடித்துவிடும். எனவே சிறு கிண்ணத்தில் மதுவையோ சாற்றையோ ஊற்றி, சுருட்டு அதைத் தொடாதவாறு காற்றுப்புகாத பெட்டிக்குள் சில வாரங்கள் வைக்கின்றனர். புகையிலை காற்றிலுள்ள ஈரத்தையும் மணத்தையும் ஒருசேர உறிஞ்சும் தன்மை கொண்டது என்பதே இதன் பின்னுள்ள அறிவியல். இதே காரணத்தால் சமையலறை அலமாரியில் வைத்த சுருட்டு பெருங்காய வாடையையும் வாங்கிக்கொள்ளும்.

சிக்கல் தொடங்குவது இங்குதான். சுருட்டைப் பாதுகாக்க ஏற்றதாகக் கருதப்படும் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 65 முதல் 72 சதவீதம். இரு பருவமழைகளிலும் நனைந்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில், திறந்தவெளிக் காற்றே பெரும்பாலான நாள்களில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அத்தகைய காற்றோடு மூடிய பெட்டிக்குள் மேலும் ஒரு கிண்ணம் திரவத்தை வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும். இனிப்புச் சேர்ந்த சாறு எனில் பூஞ்சை இன்னும் விரைவாகப் பரவும். இலையிலேயே முட்டையாக ஒளிந்திருக்கும் சிகரெட் வண்டு, வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய நிலையில் பொரித்துப் பெருகி, சுருட்டில் ஊசித்துளைகளை இடும். தீவுகளில் அந்த வெப்பம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நிலவுகிறது. பூஞ்சை படிந்த சுருட்டைத் துடைத்துவிட்டுப் புகைப்பதைவிட எறிந்துவிடுவதே நல்லது.

மணம் ஏறிவிட்டாலும் நஞ்சு இறங்குவதில்லை. உணவில் சேர்க்கத் தகுந்த வாசனைப் பொருள், எரிந்து புகையாகும்போதும் பாதுகாப்பானது எனக் கொள்ள இயலாது. சர்க்கரைப் பொருள்கள் எரிகையில் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு போன்ற நச்சு வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. சுருட்டுப் புகை காரத்தன்மை மிக்கதாதலால், புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியே நிகோடின் உடலில் சேரும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு இணையான புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு அது காரணமாகிறது. இனிய மணம் செய்வது ஒன்றே: தொண்டையை உறுத்தும் காரத்தை மறைத்து, புதியவரையும் இளையோரையும் எளிதில் பழக்கிவிடுகிறது.

இக்காரணத்தாலேயே அமெரிக்கா 2009-இல் மென்தால் நீங்கலான மணமூட்டிய சிகரெட்டுகளுக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதத்தில் மென்தால் சிகரெட்டையும் விலக்கியது. அந்தமானில் இந்தக் கவலை மிகையானதன்று. தீவுகளில் 18,018 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், 48.9 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் அல்லர், மெல்பவர்களே.

சொந்தப் பயன்பாட்டைக் கடந்து, மணமூட்டிய சுருட்டை நண்பர்களுக்கோ சுற்றுலாப் பயணிகளுக்கோ விற்க முற்பட்டால் 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் குறுக்கிடும். உறையின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இன்றி விற்பதும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றமாகும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படும்.