துறைத் தலைவரின் கையொப்பம்

2001 ஜூன் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் ஆஸ்த்துமா ஆராய்ச்சி ஒன்றுக்கு மனமுவந்து முன்வந்திருந்த, வியாதி எதுவுமில்லாத 24 வயது யுவதி ஒருவர், ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தைச் சுவாசித்தபின் நுரையீரல் கெட்டு மரணமடைந்தார். அவர் அதே ஸ்தாபனத்தின் ஊழியர். பரிசோதனையோ நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் பெற்றது.

ஆராய்ச்சியாளர் தேடிய கணினித் தொகுப்பு 1966-க்குப் பிந்திய கட்டுரைகளுக்கே பெரும்பாலும் உதவியது. அம்மருந்தால் நுரையீரலுக்கு நேரும் கேட்டைச் சொன்னவையோ 1950-களில் பிரசுரமானவை. முதலில் மருந்தைச் சுவாசித்தவருக்கு இருமலும் மூச்சு முட்டலும் கண்டும், குழுவுக்கு உடனே தெரிவிக்காமலே பரிசோதனை தொடர்ந்தது. குழுவிடம் வந்த திட்டங்களில் பெரும்பாலானவை கூட்டத்தில் தனித்தனியே விவாதிக்கப்படவில்லை என்று கண்ட மத்திய அரசின் மேற்பார்வை அலுவலகம், ஜூலையில், அரசு நிதியில் அங்கு நடந்த மனிதப் பரிசோதனைகள் ஏறக்குறைய அனைத்தையும் நிறுத்தி, சில நாட்களில் நிபந்தனைகளோடு தடையைத் தளர்த்தியது.

சர்வகலாசாலை பின்னர் குழுக்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது, அது அவசியமே. ஆயினும், நூற்றுக்கணக்கான திட்டங்களைக் காகிதத்தில் மட்டுமே காணும் குழு, பழைய சஞ்சிகையில் புதைந்த எச்சரிக்கையையும் பக்கத்து அறையில் கேட்கும் இருமலையும் எவ்வாறு அறியும்? அவற்றை அறியத்தக்கவர்கள் ஆராய்ச்சி நடக்கும் துறையின் வைத்தியர்களே. ஆகவே, திட்டம் நெறிமுறைக் குழுவுக்குப் போகுமுன், அதில் பங்கில்லாத சக வைத்தியர்களும் மருந்தாளுநரும் அதன் விஞ்ஞானத் தகுதியைச் சோதிப்பதும், ஆராய்ச்சியாளருக்கு அதற்குரிய அவகாசமும் தேர்ச்சியும் உண்டா என்று பார்ப்பதும், தொடங்கியபின் ஒவ்வொரு தீங்கும் அன்றன்றே ஒருவர் கைக்கு வந்து சேர்வதும், தேவையானால் பரிசோதனையை நிறுத்த அவருக்கு அதிகாரமிருப்பதும் துறைக் கண்காணிப்பின் சாரம். இவையின்றி, திட்டத்துக்கு ஒப்புதலாகத் துறைத் தலைவர் இடும் கையொப்பம் வெறும் மை.

இதில் ஓர் அபாயமும் உண்டு. நிதியும் கீர்த்தியும் துறைக்கே வந்து சேர்வதால், தலைவர் நடுநிலை தவறக்கூடும். 1999-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தபோது, அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைவருக்கே தொடர்புடைய கம்பெனியில் பங்கு இருந்தது வெளிவந்தது. தலைவரே ஆராய்ச்சியாளராகவோ பங்குதாரராகவோ இருக்குமிடத்தில், கையொப்பமிடும் உரிமை வேறு துறையினருக்கே போக வேண்டும்.