வெளியே 45 டிகிரி... வீட்டுக்குள் 24! மண்ணுக்குள் வாழும் பாலைவன ஊர்

வெயில் அடிச்சா நாம ஏசி போடுவோம். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி மக்கள்? பூமிக்குள்ளேயே வீடு கட்டிட்டாங்க!

எங்கே இருக்கிறது?

அடிலெய்டில் இருந்து வடக்கே சுமார் 850 கி.மீ. மக்கள்தொகை 1,500-ஐ ஒட்டித்தான். கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். மரங்களைப் பார்ப்பதே அரிது.

ஊர் எப்படி வந்தது?

1915-ல் தங்கம் தேடி ஒரு குழு வந்தது. தங்கம் கிடைக்கவில்லை. உடன் வந்த 14 வயது வில்லி ஹட்சிசன் கையில் ஓப்பல் ரத்தினக்கல் சிக்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் குவிந்தார்கள். பழங்குடியினர் சொன்ன 'கூபா பிட்டி'யே ஊர்ப் பெயரானது. 'வெள்ளைக்காரனின் குழி' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

ஏன் மண்ணுக்குள் வீடு?

வீடு கட்ட மரம் இல்லை. ஆனால், இங்குள்ள மணற்பாறையைச் சுலபமாகக் குடையலாம். முட்டுக்கொடுக்காமலே கூரை நிற்கும். கனமான பாறை வெப்பத்தைத் தடுப்பதால், உள்ளே ஆண்டு முழுக்க 24 டிகிரி அளவில்தான் இருக்கும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வசிக்கிறார்கள். தேவாலயம், ஹோட்டல்கூட உள்ளேதான்!

ஆபத்தே இல்லையா?

இருக்கு. ஓப்பலுக்காகத் தோண்டிய குழிகள் பல மூடப்படாமலே கிடக்கின்றன. 'பின்பக்கமாக நடக்காதீர்கள்' என்று அறிவிப்புப் பலகையே உண்டு. செல்ஃபிக்கு ஓரடி பின்னால் வைத்தால் போச்சு!

தண்ணீர்?

மழை சொற்பம். நிலத்தடி நீரும் உப்பு, சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். வெயிலுக்குப் பாறை வழி சொன்னது. தாகத்துக்கு இன்றும் இயந்திரம்தான் கதி.